பேசற படமாப் பாரு

எங்கள் ஊர் தியேட்டரில் நான் என்ன படம் பார்ப்பேன் என்பதைச் சத்தீஸ்கரில் பெய்யும் மழைதான் முடிவு செய்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் டிரில்லர். போர்வெல் போடுகிற அந்த வண்டி தீபாவளி கழிந்து வடக்கே போனால், அங்கே மழை பிடித்து, தரை சேறாகி, இனி எந்தக் காடு கழனியிலும் வண்டியை இறக்க முடியாது என்று ஆகிற வரைக்கும் ஆட்கள் திரும்ப மாட்டார்கள். ஆனிக் கடைசியிலோ ஆடி பிறந்தோ ரயிலேறி வருவார்கள். எங்கள் ஆட்டையாம்பட்டிப் பக்கம் விதைக்கிறவர்கள் எல்லாம் நம் தலைக்கு மேலே இருக்கிற வானத்தைப் பார்ப்பார்கள். நான் போனில் ராய்ப்பூர் வானத்தைப் பார்ப்பேன். அங்கே மேகமும் மின்னலும் போட்ட படம் வந்துவிட்டால் அன்றைக்கு எனக்கு அடுப்படியில் கை ஓடாது.

அவர் வந்ததும் இருவரும் ஒரு படத்துக்குப் போவோம். ஒன்றே ஒன்று. மற்றபடி அவருக்கு ஊரில் ஆயிரம் சோலி இருக்கும். வருசம் பூராவும் போகாமல் விட்ட கல்யாணத்துக்கும் சாவுக்கும் சேர்த்து வைத்துப் போய் வருவார், கிடா வெட்டுக்குக் கூப்பிட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் போவார். சினிமா ஒன்றுதான் எங்கள் இருவருக்கு மட்டுமானது. அதனால் படத்தைப் பொறுக்குவதில் நான் காட்டுகிற கவனத்தைப் பெண் பார்க்கிறவர்கள்கூடக் காட்ட மாட்டார்கள்.

வைகாசியிலேயே ஆரம்பித்துவிடுவேன். ஜாக்கெட் தைத்துக்கொண்டே போனில் டிரெய்லர் பார்ப்பேன். மற்றவர்கள் படம் நன்றாக இருக்குமா என்று பார்ப்பார்கள். நான் ஆடி வரைக்கும் ஓடுமா என்று பார்ப்பேன். இந்தக் காலத்தில் அது பேராசை. வெள்ளிக்கிழமை வருகிறது, அடுத்த வெள்ளிக்குத் தூக்கிவிடுகிறார்கள். நல்ல படம் முன்கூட்டியே வந்துவிட்டால் எனக்கு வயிற்றெரிச்சல். யாரோ முன்பின் தெரியாத டைரக்டர் மேலே நான் கோபப்பட்டிருக்கிறேன், ஒரு மாதம் கழித்து ரிலீஸ் பண்ணித் தொலைத்தால் என்ன என்று.

இந்தப் பழக்கம் வந்ததே ஆடி மாதத்தால்தான். புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிற முறை எல்லா வீட்டிலும் உண்டு. வருசம் முழுக்க ஒரே வீட்டில் இருக்கிறவர்களை ஒரு மாதம் பிரித்து வைத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. ரிக் வண்டிக்காரர் ஊருக்கு வருவதே ஆடியில்தானே? இது என் அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. முறை என்றால் முறைதான். எனக்குக் கல்யாணமான வருசம் வாழப்பாடியிலிருந்து பழத்தட்டோடு வந்து என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வாரமே இவர் ரயிலிலிருந்து இறங்கினார்.

இறங்கியவர் என் தம்பியின் போனுக்குக் கூப்பிட்டார். "நான் சேலம் வாரேன். நீயும் வா. படத்துக்குப் போலாம்."

"என்ன படங்க?"

"எதாச்சும் ஓடும், வா."

எங்கள் பக்கம் 'வரேன்' என்போம். அவருடைய 'வாரேன்' எனக்குச் சிரிப்பாக இருக்கும். அன்றைக்கு அது சிரிப்பாக இல்லை. ஜாக்கெட்டுக்கு லைனிங் துணி எடுக்க வேண்டுமென்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அயோத்தியாப்பட்டணம் தாண்டுகிற வரைக்கும் தெரிந்தவர் யாரும் பஸ்ஸில் ஏறிவிடக் கூடாதென்று வேண்டிக்கொண்டே போனேன். கல்யாணமான பெண் கட்டிய புருசனைப் பார்க்க அவ்வளவு பயம்.

எந்தத் தியேட்டரில் அடுத்த ஆட்டம் தொடங்கப் போகிறதோ அதற்குள் போனோம். அந்தப் படத்தின் கதை இன்றுவரை எனக்குத் தெரியாது. உட்கார்ந்ததிலிருந்து அவர் என் காதோரம் பேசிக்கொண்டே இருந்தார். ஒரு காட்டில் எவ்வளவு ஆழம் துளை போட்டும் தண்ணீர் இல்லாமல் வெறும் புழுதிப் புகை மட்டும் வந்துகொண்டிருந்ததாம். எல்லோரும் கைவிட்டு ராடைக் கழற்றப் போகிற நேரத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்ததாம், காட்டுக்கார அம்மா இவருடைய தலையில் கை வைத்து என்னமோ அவர்கள் பாசையில் சொன்னதாம். சொல்லிவிட்டு, "உன்ன நெனச்சுக்கிட்டேன்" என்றார். முன்வரிசையில் இருந்தவர் திரும்பி, "அண்ணா, நாங்களும் படம் பாக்கணுமுங்க" என்றார். கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். பிறகு மறுபடியும் குசுகுசுவென்று ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் குசுகுசுப்புக்குத்தான் எனக்கு ஏக்கம். வேறு எதற்கும் இல்லை.

ரிக் வண்டியின் கம்ப்ரசர் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். அது ஓடும்போது நாம் கத்துவது நமக்கே கேட்காது. இத்தனை வருசமாக அதன் பக்கத்தில் நின்றதில் அவருடைய வலது காது முதலில் போனது. இடது காது இப்போது போய்க்கொண்டிருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த காது மிஷினை வாங்கினோம். மாட்டினால் கொய்ங் என்கிறதாம். அது பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது.

காது கேட்காததைவிட, கேட்காதது தெரிந்துவிடக் கூடாதென்று அவர் படுகிற பாடுதான் பெரிது. "என்ன?" என்று யாரையும் திருப்பிக் கேட்க மாட்டார். கேட்டால் தெரிந்துவிடுமாம். ஊருக்கே தெரியும். யார் எது சொன்னாலும் சிரித்த முகமாக, "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டுவார். ஒரு முறை பங்காளி ஒருவர் பைக்கைக் கேட்டிருக்கிறார். இவரும் "செரீங்க" என்றிருக்கிறார். அவர் எடுத்துப் போன பிறகு, பைக்கைக் காணோம் என்று தெருத் தெருவாகத் தேடினார். நானும் கூடவே தேடினேன்.

அவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இடது பக்கம் நின்று கத்த வேண்டும். வாயைக் காதோரம் கொண்டு போனால் தலையை விலக்கிக்கொண்டு, "கேக்குது கேக்குது, சொல்லு" என்பார். அரிசி தீர்ந்துபோனதைக் கத்திச் சொல்லலாம். கரண்ட் பில் வந்ததைக் கத்திச் சொல்லலாம். 'இந்த வருசம் போகாதீங்க' என்பதை எப்படிக் கத்துவது? கத்தினால் அது சண்டை. எங்கள் தெருவில் சுவரும் சுவரும் ஒட்டித்தான் வீடு, பின்பக்கம் தறிப்பட்டறை. அங்கே எனக்கும் அவருக்கும் சண்டை என்று பேச்சு கிளம்பிவிடும். போனில் எழுதி அனுப்பலாமே என்று தோன்றும். நான் எது எழுதினாலும் பதிலுக்குக் கட்டைவிரலைக் காட்டுகிற படம் ஒன்றுதான் வரும். மாமன் ஆபரேஷனுக்கும் அதுதான், மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததற்கும் அதுதான். இந்தப் பேச்சுக்கும் ஒரு கட்டைவிரல் வந்தால் என்னால் தாங்க முடியாது. எழுதி எழுதி அழித்துவிடுவேன்.

மகள் வேலைக்குப் போன பிறகு வீடு ரொம்பவும் பெரிதாகிவிட்டது. இங்கேயே கிணற்றிலும் போரிலும் மோட்டார் இறக்குகிற வேலைக்கு ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவருக்குத் தெரியாத வேலையும் இல்லை. ஒவ்வொரு ஆடியிலும் சொல்லிவிட வேண்டுமென்று இருப்பேன், தீபாவளி வந்துவிடும்.

படத்துக்கு வருகிறேன். காது போக ஆரம்பித்ததிலிருந்து நான் சண்டைப் படமாகவே பார்த்துப் பொறுக்கினேன். பேச்சு கேட்காவிட்டால் என்ன, அடிப்பதைப் பார்த்துக் கொள்ளலாமே. அவரும் ஒரு வார்த்தை மறுத்ததில்லை. வெட்டுவதும் குத்துவதும் கார் பறப்பதுமாக வருசத்துக்கு ஒன்று பார்த்தோம். எனக்கு அதெல்லாம் தலைவலி. அவருக்காகத்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன வருசம் ஒரு பெரிய படம் வந்தது. தியேட்டரை இரண்டாகத் தடுத்துப் பெரிய ஸ்கிரீன், சின்ன ஸ்கிரீன் என்று ஆக்கியிருக்கிறார்கள். பெரிய ஸ்கிரீனில் ஹவுஸ்ஃபுல். வந்ததற்குச் சும்மா திரும்ப வேண்டாமென்று சின்ன ஸ்கிரீனுக்குப் போனோம். ஒரு குடும்பம், ஒரு வீடு, சொத்துத் தகராறு. யாரும் யாரையும் அடிக்கவில்லை. எல்லோரும் வாய் ஓயாமல் பேசினார்கள். போச்சு, இவருக்கு ஒன்றும் புரியப் போவதில்லை என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெரியப்பாவாக வந்தவர் ஒரு நக்கல் அடித்தார். தியேட்டரே சிரித்தது. கூடவே இவரும் சிரித்தார்.

வீட்டில் டிவி பார்க்கும்போது நான் சிரிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் சிரிப்பார், கொஞ்சம் பிந்தி. இங்கே அப்படி இல்லை. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தானாகவே சிரித்தார், மற்றவர்களோடு சேர்ந்தே சிரித்தார். அப்புறம் நான் எங்கே படத்தைப் பார்த்தேன்? அவரையே பார்த்துக் கொண்டிருந்தேன். அத்தனை சத்தமாகப் பேச்சு வருகிற இடம் அவருக்குத் தியேட்டர் ஒன்றுதான் என்பது இத்தனை வருசமாக என் மண்டையில் ஏறவில்லை.

வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது, "நல்லா கேட்டுச்சுங்களா?" என்று கத்தினேன்.

"அட்சரம் தப்பாமக் கேட்டுச்சு புள்ள. இனிமே பேசற படமாப் பாரு."

"அப்பறம் ஏனுங்க இத்தன வருசமா அந்த வெட்டுக்குத்துப் படத்துக்கெல்லாம் வந்தீங்க?"

"உனக்கு அதானே புடிக்குது. நீதானே பொறுக்குன?"

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தத் தீபாவளி கழிந்து வண்டி வடக்கே போனது. நான் வாய் திறக்கவில்லை.

இந்த வருசம் வைகாசியிலிருந்தே பேசுகிற படமாகத் தேடினேன். ஆனியில் ஒன்று வந்தது. புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து மெஸ் நடத்துகிற கதை, டிரெய்லரிலேயே மூச்சு விடாமல் பேசினார்கள். இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். சத்தீஸ்கரில் மழையைக் காணோம். போனைத் திறந்தால் தினமும் சூரியன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. வியாழக்கிழமை காலையில் கடைவீதிச் சுவரில் படத்தின் மேலே 'இன்றே கடைசி' என்று ஒட்டியிருந்தார்கள்.

நேராகத் தியேட்டருக்குப் போய் டிக்கெட் கொடுக்கிறவரிடம் கேட்டேன். "ஏனுங்க, இந்தப் படத்த இன்னொரு வாரம் வெச்சிருக்க முடியாதுங்களா?"

"ஆளே வரமாட்டீங்கறாங்களேங்க. உங்களுக்கு இன்னைக்குப் பாக்கறதுக்கு என்னங்க?"

"எங்கூட்டுக்காரரு வரணுமுங்க."

"எப்ப வாராருங்க?"

"மழ பெஞ்சா வந்துருவாருங்க."

அவர் கவுண்டருக்குள்ளிருந்து எட்டி வானத்தைப் பார்த்தார். "இங்க எங்கீங்க மழ பேயுது?"

"இங்க இல்லீங்க. சத்தீஸ்கர்ல."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "மேட்னிக்கு ஒரு டிக்கெட் குடுக்கட்டுங்களா?" என்றார். வாங்கிக்கொண்டேன்.

கூட்டமே இல்லை. எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். நான் பழக்கத்தில் வலது பக்கத்துச் சீட்டைக் காலியாக விட்டு உட்கார்ந்தேன். அவருடைய நல்ல காது என் பக்கம் இருக்க வேண்டுமென்று எப்போதும் அவரை வலது பக்கம்தான் உட்கார வைப்பேன். அவருக்குச் சொல்ல வேண்டுமென்று ஒவ்வொரு பேச்சையும் மனதில் ஏற்றிக்கொண்டே பார்த்தேன். பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை. சாம்பாருக்கும் ரசத்துக்கும் சண்டை போட்டுக்கொண்ட இருவரும் கடைசியில் பிரிகிறார்கள். அந்த ஆள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்படி இறங்குகிறார். இப்போதாவது அந்தம்மா சொல்லப் போகிறாள் என்று நான் சீட்டு நுனிக்கு வந்துவிட்டேன். "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். படம் முடிந்துவிட்டது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. இரண்டு மணி நேரமாக வாய் ஓயாத பொம்பளைக்கு அந்த இடத்தில் என்ன வந்தது? வீடு வந்து சேருகிற வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

அடுத்த வாரம் அங்கே மழை பிடித்தது. அவர் வந்தார். இளைத்திருந்தார். நான் பேசும்போது இடது காதைக் கை வைத்துக் குவித்துக்கொண்டார், அது புதுசு. தியேட்டருக்குப் போனோம். சின்ன ஸ்கிரீன், பெரிய ஸ்கிரீன் இரண்டிலும் ஒரே ஆள் அரிவாளோடு நின்றுகொண்டிருந்தான்.

"பேசற படம் எங்க புள்ள?"

"தூக்கிட்டாங்க."

"நீ பாத்தியா?"

"பாத்தேனுங்க."

"அப்பறமென்ன, நீயே கதையச் சொல்லு. வா" என்று பைக்கைத் திருப்பிவிட்டார். வழியில் கைமுறுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டோம்.

வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லில் அவர் உட்கார்ந்தார். இடது பக்கம் ஸ்டூலைப் போட்டு நான் உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு மேலே தொண்டையைத் திறந்து கதை சொன்னேன். அந்த ஆள் மாதிரியும் பேசினேன், அந்தம்மா மாதிரியும் பேசினேன். ரசச் சண்டைக்கு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெட்டியைத் தூக்குகிற இடம் வந்தது. அவர் முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"வாசப்படி எறங்கிட்டானா? அந்தம்மா என்ன சொன்னா?"

தண்ணீர் பாட்டில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தறிச் சத்தம் இருக்கிறது, தெருவில் ஒருவருக்கும் கேட்காது. பேசுவதும் நானில்லை, சினிமாவில் வருகிற பொம்பளை. இதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்காது என்று தோன்றியது.

"போவாதீங்கன்னு சொன்னா" என்று கத்தினேன். "இனி எங்கயும் போவாதீங்க. நீங்க இல்லாத ஊட்ல எனக்கு ஒரு வேலையும் ஓடறதில்லீங்க. கூழோ கஞ்சியோ இங்கயே இருந்து குடிச்சுக்கலாம். இருக்கற ஒரு காதையாச்சும் எனக்கு உட்டு வையுங்க."

பாதியிலேயே கரண்ட் போய்விட்டது. தெருவில் இருந்த அத்தனை தறியும் ஒன்றாக நின்றன. காது பற்றிச் சொன்னது மட்டும் தனியாக ஊருக்கே கேட்டது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தறிக்காரர் மனைவியின் குரல் வந்தது. "படம் நல்லா இருக்கும்போல இருக்குதுங்க்கா."

அவர் முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஸ் நடத்துகிறவனுக்குக் காதில் என்ன கேடு என்று கேட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேன். கேட்கவில்லை.

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?" என்றார்.

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. அத்தோட முடிச்சுட்டாங்க."

அவர் சிரித்த முகமாக, "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார். ஊரில் எல்லோருக்கும் ஆட்டுகிற அதே தலையாட்டல். இத்தனை கத்தியும் அவருக்குக் கேட்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன்.

அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். முறுக்கைப் பொட்டலத்தில் திரும்பப் போட்டுவிட்டு, இடது காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து குனிந்தார்.

"அந்தம்மா சொன்னத இன்னொருக்காச் சொல்லு" என்றார். "மெதுவாவே சொல்லு. தறி ஓடல."

கரண்ட் வருவதற்குள் சொல்லி முடித்தேன்.